பதினோராம் மாடி

நர்த்தனா,
நீ மூன்றாம் மாடிக்காரி.
லிஃப்டுக்கு நீ காத்து நிற்கிற நேரத்தில்
இரண்டு தரம் ஏறி இறங்கலாம்.
இதைச் சொல்ல நீ ஆரடி என்று கேட்பாய்.
கேள், சொல்கிறேன்.

கார்த்திகையில் லிஃப்ட் செத்த அன்று
கொலோன் முழுக்க மழை.
கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது:
உதிரிப்பாகம் வரவேண்டும்.
எங்கிருந்து, எப்போது,
ஒன்றும் எழுதவில்லை.
நூற்று எழுபத்தாறு படி.
நாலாம் மாடிவரை எண்ணினேன்,
அதற்குமேல் எண்ணவும் மூச்சில்லை.
ஈரச் சப்பாத்தோடு அப்படியே குந்தியிருந்து
உனக்கொரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், ஞாபகமா?
நாய் இளைக்கிற சத்தம் என்று சிரித்தாய்.
நாய் இல்லை. நான்.

விளையாட்டுப் பாடத்துக்கு நான் போகாத கதை உனக்குத் தெரியும்.
அம்மாவின் சாய்ந்த கையெழுத்தை
அம்மாவைவிட வடிவாய்ப் போடுவேன்.
வயிற்றுவலி, கால் சுளுக்கு, திரும்பவும் வயிற்றுவலி.
ஒரே மாதத்தில் மூன்று முறை
மாதவிடாய் வந்த பிள்ளை
இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான்.
எந்த வலியும் இல்லையடி.
ஓடினால் குலுங்கும்.
குலுங்கினால் வகுப்பே பார்க்கும்.
அவ்வளவுதான்.

படிக்கட்டு பார்க்காது.

அதற்கு ஒரு மஞ்சள் விளக்கு,
இரண்டு நிமிடத்தில் தானாய் அணையும்.
முதல் கிழமை ஆறு தரம் இருட்டில் நின்றேன்.
இரண்டாம் கிழமை மூன்று தரம்.
மார்கழி நடுவில் ஒருநாள்
ஒரே ஒரு தரம் அணைந்தது.
அன்று ஏழாம் மாடியில் சுவரில் கைவைத்து நின்றபோது
நெஞ்சுக்குள் ஆரோ தட்டினார்கள்,
வாடகை கேட்டு வந்தவர் மாதிரி இல்லை,
விளையாட வா என்று கூப்பிடுகிற மாதிரி.

இன்னும் கேள்.
இரண்டாம் மாடியில் எப்போதும் வெங்காயம் வதங்கும்.
ஐந்தில் ஒருத்தர் டிரம்பெட் பழகுகிறார்,
ஒரே இடத்தில் ஒவ்வொரு நாளும் பிழை விடுகிறார்.
ஒன்பதில் எலிஃப் அக்கா, எட்டு மாத வயிறு.
அவவின் தண்ணீர்ப் போத்தல் கட்டை
ஒருநாள் நான் தூக்கிக்கொண்டு போனேன்.
ஒன்பது கிலோ.
வைத்துவிட்டுத் திரும்பி
இன்னொன்று இருக்கா என்று கேட்டேன்.
கேட்டது நான்தானா என்று
எனக்கே சந்தேகம்.

மெலியவில்லை, நர்த்தனா.
அதைத்தான் நீ முதலில் கேட்பாய்.
அதே ஜீன்ஸ், அதே பொத்தான், அதே சண்டை.
ஆனால் படுத்தவுடன் நித்திரை வருகிறது.
கணக்குச் சோதனைக்கு முன்னம் கை நடுங்கவில்லை.
புள்ளி கூடவில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

தையில் லிஃப்டைத் திருத்திவிட்டார்கள்.
உள்ளே புதுக் கண்ணாடி, எலுமிச்சை வாசம்.
கதவு திறந்து எனக்காகக் காத்து நின்றது.
புத்தகப் பையை உள்ளே வைத்தேன்.
பதினொன்றை அமத்தினேன்.
கதவு மூடியதும்
ஓடத் தொடங்கினேன்.

முதல் நாள் லிஃப்ட் வென்றது.
இரண்டாம் நாளும் அதுதான்.
மூன்றாம் நாள் பை நிலவறைக்குப் போய்
ஹார்ட்விக் ஐயாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடந்தது.
நேற்று ஆறாம் மாடியில் ஆரோ மறித்திருக்க வேண்டும்.
நான் மேலே நின்று
இடுப்பில் கைவைத்து
வேர்த்து வழிந்துகொண்டிருக்க
கதவு திறந்தது.

உள்ளே அம்மா.
கந்தோர் துடைத்துவிட்டு வந்த களை.
கையில் என் பை.
என்னைப் பார்த்தா, பையைப் பார்த்தா,
"ஆரடி உன்னைத் துரத்தினது?"
என்று படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தா.

ஒருத்தரும் இல்லை அம்மா.

நாளைக்கு நாலரைக்குக் கீழே நில்.
என்ன சப்பாத்து என்றாலும் பரவாயில்லை.
உன் மூன்றாம் மாடியில் நான் நிற்கமாட்டேன்,
நீயும் நில்லாதே.
டிரம்பெட்காரர் பிழை விடுகிற இடம்வரை
வந்து பார்.
அதற்குமேல் ஏலாது என்றால்
அங்கேயே இருந்து
அந்தப் பிழையைக் கேட்போம்.
பிறகு பார்ப்போம்.